வளர்ந்த படிகமா, எஞ்சிய படிகமா?

வாசகர் கேள்வி – பதில்

எரிமலைப் பாறைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பில், ‘வரியும் வெண்புள்ளியும் கொண்ட பாறையெல்லாம் எரிமலையில் பிறந்ததல்ல’ என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் கேட்டே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழின் பக்கங்களை அதற்கே தருகிறேன்.

கேள்வி: என்னிடம் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று ரயோலைட் என்னும் எரிமலைப் பாறை, மற்றது மைலோனைட் என்னும் உருமாறிய பாறை என்று சொல்லித் தந்தார்கள். ஒட்டியிருந்த சீட்டுகள் உதிர்ந்துவிட்டன. இரண்டும் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் உள்ளன. இரண்டிலும் மெல்லிய வரிகளும், வரிகளுக்கு நடுவே கண் போன்ற வெளிர்ப் புள்ளிகளும் உள்ளன. எது எது என்று நானே கண்டறிய வழி உண்டா?

பதில்: உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்றும், நல்ல வெயிலும், சற்றுப் பொறுமையும் போதும். இந்தக் குழப்பத்துக்காகத் தாங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மாணவனாக இருந்த காலத்தில் வழவழப்பான மைலோனைட் துண்டு ஒன்றை ரயோலைட் என்று முழு நம்பிக்கையோடு ஏட்டில் எழுதிவிட்டு, மறுநாள் என் கையாலேயே அதை அடித்துத் திருத்தியவன் நான்.

குழப்பம் வருவதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது: இரண்டு பாறைகளுமே ஓடியவை. மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா மிகுந்த பாறைக்குழம்பு பூமியின் மேற்பரப்புக்கு வந்து, இறுகிய தார் போல மிக மெதுவாக நகர்ந்து உறைந்தால் அது ரயோலைட். ஏற்கெனவே திடமாக இருந்த கிரானைட் போன்ற ஒரு பாறை, ஆழத்தில் பிளவுப் பெயர்ச்சியின் (நிலம் பிளந்து, இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடம்) இரு பக்கங்களுக்கும் நடுவே சிக்கி, உருகாமலேயே இழுபட்டு நீண்டால் அது மைலோனைட். உருகி ஓடினாலும் உருகாமல் ஓடினாலும் ஓட்டம் வரிகளை விட்டுச் செல்லும். எனவே வரிகளை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் தவறுவதற்கே வாய்ப்பு அதிகம். பார்க்க வேண்டியவை கண்கள்.

ரயோலைட்டில் உள்ள கண், வளர்ந்த படிகம். பாறைக்குழம்பு இன்னும் நிலத்துக்கு அடியில் இருந்தபோதே, எந்தத் தடையும் இல்லாத நீர்மத்துக்குள் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்கள் தத்தமக்கு உரிய முகங்களோடு நிதானமாக வளர்ந்தன. பிறகு குழம்பு வெளியேறியபோது மிச்சமெல்லாம் விரைந்து உறைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாகவோ கண்ணாடியாகவோ ஆகிவிட, இந்தப் பெரிய படிகங்கள் அதற்குள் பதிந்துபோயின. மைலோனைட்டில் உள்ள கண்ணோ எஞ்சிய படிகம். ஒரு காலத்தில் பாறை முழுவதும் அந்த அளவுள்ள மணிகளால்தான் ஆகியிருந்தது. சுற்றியிருந்தவை எல்லாம் நசுங்கி நுண்மணிகளாகிப் போக, வளைந்து கொடுக்காத சில மட்டும் மூலை உடைந்து, விளிம்பு தேய்ந்து, உருண்டையாகவும் முட்டை வடிவாகவும் தப்பிப் பிழைத்தன. முன்னதில் நுண்மணிப் பகுதி படிகத்துக்குப் பின்னால் வந்த உறைவு. பின்னதில் அது படிகங்களே சிதைந்து உண்டானது.

இதைக் கையில் வைத்துப் பார்ப்பது எப்படி? வரிகளுக்குக் குறுக்காக உடைந்த ஒரு முகத்தை ஈரமாக்கி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் விளிம்பைச் சுற்றி வாருங்கள். விளிம்பு நேர்கோடுகளாக ஓடி, தெளிவான மூலைகளில் திரும்பினால், நீங்கள் பார்ப்பது குழம்பில் வளர்ந்த படிகம். விளிம்பு மழுங்கி, இரு ஓரங்களிலும் மெல்லிய வால் போல நீண்டு, அந்த வால் வரிகளோடு கலந்து மறைந்தால் அது எஞ்சிய படிகம். வால்களில் ஒன்று கண்ணின் மேல் பக்கத்திலிருந்தும் மற்றது கீழ்ப் பக்கத்திலிருந்தும் புறப்பட்டு, படிக்கட்டு போல மேலும் கீழுமாக அமைந்திருந்தால் இன்னும் நல்லது. பிளவின் எந்தப் பக்கம் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அந்த வால்களைக் கொண்டே நிலவியலாளர்கள் சொல்லிவிடுவார்கள். வரிகள் கண்ணைச் சுற்றி வளைந்து செல்வதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள்; எரிமலைக் குழம்பும் படிகத்தைச் சுற்றி வளைந்துதான் ஓடும்.

அடுத்து, குவார்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். என் அனுபவத்தில் இதுவே மிக விரைவாக விடை தரும் சோதனை. ரயோலைட்டில் குவார்ட்ஸ் தனித்தனி மணிகளாக, சாம்பல் நிறக் கண்ணாடித் துளி போலப் பளபளத்து நிற்கும். சிலவற்றில் அறுகோண வடிவமும் தெரியும். சில மணிகளின் ஓரத்தில், குழம்பு அரித்துத் தின்ற குடைவுகளும் இருக்கும். கிரானைட்டிலிருந்து வந்த மைலோனைட்டில் அப்படி நிற்கும் குவார்ட்ஸ் மணியை அரிதாகவே காண முடியும். ஏனென்றால் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே குவார்ட்ஸ் திட நிலையில் நீளத் தொடங்கிவிடுகிறது. ஃபெல்ட்ஸ்பார் அவ்வாறு இணங்குவதற்கு 450 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த இடைப்பட்ட வெப்பத்தில் பிளவு நகர்ந்தால், குவார்ட்ஸ் நாடா போல நீண்டு, முறைத்து நிற்கும் ஃபெல்ட்ஸ்பாரைச் சுற்றிக்கொண்டு போகும். ஆகவே கண்ணெல்லாம் ஃபெல்ட்ஸ்பாராகவும், குவார்ட்ஸ் நாடாவாகவும் இருந்தால் ஐயம் அநேகமாகத் தீர்ந்தது.

கரும் அபிரகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ரயோலைட்டில் அது இருந்தால் சிறு சிறு கரிய தகடுகளாக அங்கங்கே சிதறிக் கிடக்கும். மைலோனைட்டில் அபிரகம் வரிகளின் போக்கிலேயே படிந்து, கல்லைத் திருப்பும்போது ஒரு முகம் முழுவதும் ஒரே நேரத்தில் மினுங்கும். அந்த முகத்தின் வழியேதான் மைலோனைட் தகடு தகடாகப் பிளக்க முனையும். கண்ணாடித் தன்மையுள்ள ரயோலைட் வரிகளை மதிக்காமல், சிப்பியின் உட்புறம் போன்ற வளைந்த முகங்களோடு உடையும்.

ஓர் எச்சரிக்கை. வெடித்துச் சிதறிய எரிமலைச் சாம்பல் சூடு ஆறாமலே குவிந்து, தன் எடையால் தானே அமுங்கி ஒட்டிக்கொண்டு உருவாகும் பாறையும் உண்டு. அதற்குள் அமுங்கிய நுரைக்கல் துண்டுகள் தட்டையாகி வரிகளைப் போலத் தோன்றும். வெடிப்பில் உடைந்த படிகங்களும் இருக்கும். உடைந்த படிகத்தைக் கண்டவுடன் மைலோனைட் என்று முடிவெடுத்து ஏமாறுபவர்கள் இதனிடம்தான் ஏமாறுகிறார்கள். தட்டையான துண்டுகளின் முனைகள் நெருப்பின் நாக்குகளைப் போலப் பிசிறாக இருப்பதும், உடைந்த படிகங்களுக்கு வால் இல்லாமல் இருப்பதும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? ஆய்வகத்தில் கொடுத்து வேதிப் பகுப்பாய்வு செய்தால் எது எரிமலைப் பாறை என்று தெரிந்துவிடாதா?

பதில்: தெரியாது. ரயோலைட்டும் கிரானைட்டும் ஒரே வகைக் குழம்பிலிருந்து வருபவை. வெளியே வந்து விரைவில் உறைந்தது ரயோலைட், உள்ளேயே தங்கி நிதானமாக உறைந்தது கிரானைட். இரண்டிலும் சிலிக்கா ஏறக்குறைய 70 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் கிரானைட் பிளவில் சிக்கி மைலோனைட் ஆகும்போது, நீர் புகுந்து சில தனிமங்களைக் கரைத்துச் சென்றாலொழிய, அதன் வேதிக் கலவை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இரண்டு கற்களுக்கும் ஏறத்தாழ ஒரே எண்கள் கொண்ட அறிக்கை வந்தாலும் வியப்பதற்கில்லை. கடினத்தன்மைச் சோதனையும் இங்கே உதவாது. இரண்டிலும் இருப்பவை அதே குவார்ட்ஸும் அதே ஃபெல்ட்ஸ்பாரும்தான்.

ஆய்வகத்துக்கே போவதானால், பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முனைவாக்கிய ஒளியில் மேடையைச் சுழற்றும்போது, எரிமலைப் பாறையின் குவார்ட்ஸ் மணி பெரும்பாலும் ஒரே கணத்தில் முழுவதும் இருளும். மைலோனைட்டில் நெரிபட்ட மணியின் மேல் நிழல் ஒரு புறத்திலிருந்து மறு புறத்துக்கு அலை போல நகர்ந்து செல்லும். படிகம் உள்ளுக்குள் வளைந்திருப்பதன் அடையாளம் அது. ஒருமுறை கண்டவர் மறக்க மாட்டார்.

கேள்வி: உருகாமலேயே பாறை ‘ஓடியது’ என்று எழுதுகிறீர்கள். திடமான கல் எப்படி ஓடும்? அது பொடியாக அரைபட்டு, பிறகு ஒட்டிக்கொண்டது என்று சொல்வதல்லவா பொருத்தம்?

பதில்: தாங்கள் சொல்வதைத்தான் அந்தப் பெயரை வைத்தவரும் நினைத்தார். சார்லஸ் லாப்வொர்த் என்னும் ஆங்கிலேய நிலவியலாளர், ஸ்காட்லாந்தின் வடமேற்கில் உள்ள மொய்ன் உந்துப்பிளவில், பழைய பாறைகள் புதிய பாறைகளின் மேல் ஏறி அமர்ந்திருப்பதை ஆராய்ந்தபோது, இரண்டுக்கும் இடையில் மென்மையான வரிகள் கொண்ட நுண்மணிப் பாறை ஒன்றைக் கண்டார். மேலே உள்ள பாறைத்தொகுதி நகர்ந்தபோது இடையில் இருந்தது திரிகையில் அரைபட்டது போல் அரைபட்டிருக்க வேண்டும் என்று எண்ணி, திரிகையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1885-இல் மைலோனைட் என்று பெயரிட்டார். அந்த ஆராய்ச்சியின் நடுவே நோயுற்றுப் படுத்திருந்தவர், மொய்ன் பாறைகள் தம் உடல்மேல் ஊர்ந்து செல்வதாக இரவுகளில் உணர்ந்தார் என்றும் சொல்வதுண்டு.

பெயர் நிலைத்துவிட்டது, காரணம் நிலைக்கவில்லை. 1970-களில் நுண்ணோக்கி ஆய்வுகள் பெருகியபோது, மைலோனைட்டின் நுண்மணிகள் அரைத்த தூளைப் போலக் கூர்முனைகளோடும் இடைவெளிகளோடும் இல்லாமல், ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்திய புதிய படிகங்களாக இருப்பது தெளிவாயிற்று. படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் படிகத்திலும் அந்த வரிசையில் சில பிசகுகள் இருக்கும். வெப்பமும் அழுத்தமும் போதுமான அளவு இருந்தால், அந்தப் பிசகுகள் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்து நகர்ந்து, படிகம் உடையாமலேயே வடிவம் மாறும். பழுக்கக் காய்ச்சிய இரும்பு சம்மட்டி அடிக்கு இணங்கி நீள்வதும் இதே வழியில்தான். பிசகுகள் மிகுந்து நெருக்கடி முற்றும்போது, பெரிய மணி சிறுசிறு மணிகளாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அரைத்ததால் சிறுத்ததல்ல, புதிதாய்ப் படிகமானதால் சிறுத்தது.

அரைபடுவது நடக்காமலும் இல்லை. பிளவின் மேற்பகுதியில், குளிர்ந்த ஆழங்குறைந்த இடங்களில், பாறை நொறுங்கி நறுக்குகளாகவும் களிமண் போன்ற பொடியாகவும் ஆகிறது. வெப்பம் 300 டிகிரியைத் தாண்டும் ஆழத்துக்கு, பல இடங்களில் அது 10 முதல் 15 கிலோமீட்டர், இறங்கிவிட்டால் நொறுங்குவது குறைந்து நீள்வது தொடங்குகிறது. ஒரே பிளவுதான், மேலே உடைகிறது, கீழே ஓடுகிறது. மைலோனைட்டுகளுக்குள்ளும் படிநிலைகள் வகுத்திருக்கிறார்கள்: நுண்மணிப் பகுதி பாதிக்கும் குறைவாக இருந்தால் தொடக்கநிலை மைலோனைட், பாதிக்கு மேல் 90 விழுக்காடு வரை மைலோனைட், அதற்கும் மேல் போனால் அதிமைலோனைட். கடைசி வகையில் கண்களே அநேகமாக இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எரிமலைப் பாறை அல்ல என்று சாதிப்பது அனுபவசாலிக்கும் கடினம்.

கால அளவும் நினைவில் இருக்கட்டும். ஹவாய்த் தீவில் கிலாயுவேயா இக்கி என்னும் பள்ளத்தில் 1959-ஆம் ஆண்டு வெடிப்பின்போது 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குத் தேங்கிய எரிமலைக் குழம்பு, முழுவதும் உறைவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அது மிகப் பெரிய தேக்கம். சாதாரணமான மெல்லிய ஓட்டம் நாட்களிலும் வாரங்களிலும் உறைந்துவிடும். மைலோனைட் நீள்வதற்கோ லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

கேள்வி: பிளவு நகரும்போது உராய்வில் சூடு பிறக்குமே, அதில் பாறை உருகாதா? உருகினால் அதுவும் எரிமலைப் பாறைதானே?

பதில்: அருமையான கேள்வி. முதல் பாதிக்கு விடை ‘உருகும்’. இரண்டாம் பாதிக்கு ‘இல்லை’. பெரிய நிலநடுக்கத்தின்போது பிளவின் இரு முகங்களும் நொடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகத்தில் ஒன்றையொன்று உரசிச் செல்லும். அந்தச் சில நொடிகளில் தொடுமுகத்தில் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு படலம் உருகி, பக்கத்துப் பாறையின் விரிசல்களுக்குள் பாய்ந்து, நிமிடக் கணக்கில் உறைந்து கறுத்த கண்ணாடியாகிவிடும். பசால்ட் என்னும் கறுத்த எரிமலைப் பாறையின் குழம்பு விரைந்து உறைந்தால் கிடைக்கும் கருங்கண்ணாடிக்கு டாக்கிலைட் என்று பெயர். அதைப் போலவே தோன்றி ஏமாற்றுவதால் இதற்குப் ‘போலி டாக்கிலைட்’ என்னும் பொருள்படச் சூடோடாக்கிலைட் என்று பெயர் வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் விரெடஃபோர்ட் பகுதியில் கண்ட பாறைக்கு 1916-இல் ஷாண்ட் என்பவர் இட்ட பெயர் இது. வேடிக்கை என்னவென்றால், விரெடஃபோர்ட் சாதாரணப் பிளவு அல்ல, விண்கல் மோதிய இடம் என்பது பின்னாளில் உறுதியாயிற்று. ஆனாலும் பெயர் பிளவுப் பாறைகளோடு ஒட்டிக்கொண்டது.

எரிமலைக் கண்ணாடிக்கும் இதற்கும் வேறுபாடு காண, அதற்குள் மிதக்கும் துணுக்குகளைப் பாருங்கள். உராய்வில் முதலில் உருகுபவை அபிரகமும் ஹார்ன்பிளெண்ட் என்னும் கரிய கனிமமும். குவார்ட்ஸ் உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே கறுப்புக் கண்ணாடிக்குள் குவார்ட்ஸ் துணுக்குகள் உருண்டு திரண்டு தங்கியிருக்க, அபிரகம் அறவே காணாமற்போயிருக்கும். துணுக்குகள் அனைத்தும் இருபுறமும் உள்ள பாறையிலிருந்தே வந்தவையாக இருக்கும். அந்த உருகல் ஆழத்தில் தேங்கிய குழம்பிலிருந்து ஏறி வரவில்லை. நின்ற இடத்திலேயே பிறந்து நின்ற இடத்திலேயே உறைந்தது. அதனால்தான் அதைப் பிளவுப் பாறைகளோடு வைக்கிறார்கள். பழைய நிலநடுக்கம் ஒன்று நடந்ததற்குப் பாறையில் எஞ்சும் சான்றுகளில் இதைவிட உறுதியானவை மிகக் குறைவு.

கேள்வி: காற்றுக்குமிழித் துளைகள் இருந்தால் அது நிச்சயம் எரிமலைப் பாறைதான் என்று கொள்ளலாமா?

பதில்: பெரும்பாலும் கொள்ளலாம். மைலோனைட்டில் குமிழி இருக்க வழியே இல்லை; உருகாததில் வாயு எப்படிக் குமிழும்? ஆனால் மேலே சொன்ன சூடோடாக்கிலைட்டில் சிறு குமிழிகள் அபூர்வமாகக் காணப்பட்டிருக்கின்றன. ஆகவே ‘நிச்சயம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கால்சைட், சியோலைட் போன்ற வெளிர்க் கனிமங்கள் நிரம்பிய பெரிய குமிழிகளென்றால் தயங்காமல் எரிமலை என்றே எழுதலாம்.

கேள்வி: 10 கிலோமீட்டருக்கும் கீழே உருவாகும் கல் நம் கைக்கு எப்படி வருகிறது? எரிமலைப் பாறையாவது வெளியே வந்து உறைகிறது.

பதில்: நிலம் உயர்வதாலும், உயர்ந்ததை மழையும் ஆறும் பனியாறும் அரித்துக்கொண்டே இருப்பதாலும். பல இடங்களில் இதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நியூசிலாந்தின் தென்தீவில் ஓடும் ஆல்ப்பைன் பிளவில் இது கண்முன்னே நடப்பது போல நடக்கிறது. அந்தப் பிளவு பக்கவாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் நகர்வதோடு, ஒரு பக்கத்தை மேலே தூக்கவும் செய்கிறது. கடும் மழை அதை உடனுக்குடன் அரிக்கிறது. அதனால் ஆழத்தில் நீண்ட மைலோனைட்டும், பின்னர் மேலே வரும் வழியில் நொறுங்கிய பாறையும் ஆற்றுக் கரைகளில் அடுத்தடுத்துத் தெரிகின்றன. ஒரே பிளவின் மாடியையும் அடித்தளத்தையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

கேள்வி: எரிமலைப் பாறையே பிளவில் சிக்கினால் என்ன ஆகும்? அதை எந்தப் பெயரால் அழைப்பது?

பதில்: அதுவும் மைலோனைட் ஆகும், ஆனால் நான் முதலில் தந்த குவார்ட்ஸ் சோதனை அங்கே தடுமாறும். கிரானைட்டில் எல்லா மணிகளும் பெரியவை என்பதால் இணங்கும் தன்மையுள்ள குவார்ட்ஸ் முதலில் நீள்கிறது. ரயோலைட்டிலோ நுண்மணிப் பகுதி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. நீர் புகுந்து அதில் அபிரகம் வளர்ந்துவிட்டால் பாறையிலேயே மிகப் பலவீனமான பகுதி அதுதான். நகர்வு முழுவதையும் அது ஏற்றுக்கொள்ள, குழம்பில் வளர்ந்த குவார்ட்ஸ் மணி பெரிய சேதமின்றிக் கண்ணாக நின்றுவிடும். அத்தகைய கல்லில் ஒரு மணியின் ஒரு புறம் அறுகோணத்தின் கூர்மையான இரண்டு மூலைகளோடும், மறுபுறம் மழுங்கி வால் நீண்டும் இருப்பதைக் காணலாம். ஒரே படிகத்தில் வளர்ந்ததும் எஞ்சியதும் பக்கம் பக்கமாக இருக்கும். குழம்பு அரித்த பழைய குடைவுகள் கூட அப்படியே இருக்கக்கூடும். முன்னைய பிறப்பை அடையாளம் காண முடிகிறபோது நிலவியலாளர்கள் ‘ரயோலைட்டிலிருந்து வந்த மைலோனைட்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள்.

சீட்டை இழந்த முதல் வாசகர், தம் இரண்டு கற்களையும் சோதித்தபின் ஒரு கல்லில் மூலையும் வாலும் சேர்ந்தே தெரிந்தால், புதிய சீட்டில் அவ்வாறே எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.